பவளத் தொட்டியில் பாசியா? பாஸ்பேட்டைப் பிடியுங்கள்!

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் பச்சைப் பாசி தலைகாட்டியதும் கடைக்குப் போய் ‘பாசி மருந்து’ கேட்பதுதான் வழக்கம். மருந்து பாசியைக் கொல்லும். செத்த பாசி அழுகி, தான் தின்ற பாஸ்பேட்டைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுக்கும். கொஞ்ச நாளில் மறுபடி பாசி. எனவே பாஸ்பேட் எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்ற வரவு செலவைப் பாருங்கள். கீழே உள்ள குறிப்புகளில் முக்கால்வாசி அந்தக் கணக்குத்தான்.

1. முதல் வேலை அளப்பது. திறந்த கடலில் உள்ள பவளத்திட்டு நீரில் பாஸ்பேட் பெரும்பாலும் 0.03 பிபிஎம்முக்கும் குறைவு. வீட்டுத் தொட்டிக்கு 0.03 முதல் 0.1 வரை நல்ல அளவு. 0.15 இருந்தும் பவளங்கள் விரிந்து நிறத்தோடு இருந்தால் பதற வேண்டியதில்லை. 0.5 என்றால் வேலை தொடங்க வேண்டும். பாஸ்பேட்டைக் குறைக்கப் பாசி மட்டுமே காரணம் அல்ல. பவளம் கட்டும் சுண்ணாம்பு எலும்பின் படிகங்களில் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைத் தடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவில் ஒரு பவளத்திட்டுக்கு நைட்ரஜனும் பாஸ்பேட்டும் தொடர்ந்து ஊட்டிப் பார்த்தார்கள். கின்சி, டேவிஸ் இருவரும் 1979இல் வெளியிட்ட அந்த ஆய்வில் சுண்ணாம்புப் படிவு பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

2. நிற அட்டையோடு ஒப்பிடும் மலிவான டெஸ்ட் கிட்டில் 0.03க்கும் 0.1க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டுமே ‘கிட்டத்தட்ட வெள்ளை’. கையடக்க டிஜிட்டல் செக்கர் ஒன்று வாங்குவது வீண் செலவு அல்ல. குப்பியின் வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்து, விரல் ரேகை இல்லாமல் வையுங்கள். உள்ளே காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் எண் எகிறும். சில செக்கர்கள் பாஸ்பேட்டைக் காட்டாமல் பாஸ்பரஸை பிபிபியில் காட்டும். அந்த எண்ணை 3.066ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம். 20 என்று காட்டினால் 0.06 என்று பொருள்.

3. பாறையெல்லாம் பாசி, செக்கரோ பூச்சியம் காட்டுகிறதா? கருவி பொய் சொல்லவில்லை. வருகிற பாஸ்பேட்டை உடனுக்குடன் பாசி தின்றுவிடுகிறது, தண்ணீரில் மிஞ்சுவது இல்லை. இந்த நிலையில் எண்ணை நம்பி ‘பாஸ்பேட் பிரச்சினை இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது.

4. தீனிதான் பெரிய வாசல். உலர்ந்த மீன் தீனியின் எடையில் ஏறக்குறைய 1 சதவீதம் பாஸ்பரஸ் இருப்பது சாதாரணம். 1 கிராம் தீனி போட்டால் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ், பாஸ்பேட் கணக்கில் சுமார் 30 மில்லிகிராம். உங்கள் தொட்டியில் 200 லிட்டர் தண்ணீர் என்றால், அந்த ஒரு கிராம் முழுதும் கரைந்தால் 0.15 பிபிஎம் கூடும். அதுவும் ஒரே நாளில். மீன் வளர்ச்சிக்குக் கொஞ்சம் போகும், நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் கொஞ்சம் எடுக்கும், உண்மைதான். இருந்தாலும் டப்பாவிலிருந்து நேராகத் தட்டிப் போடுகிற கைக்கு அளவு தெரியாது. ஒரு வாரத்துக்கு மட்டும் சமையலறைத் தராசில் தீனியை நிறுத்துப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பாசிக்கான காரணம் அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும்.

5. உறைந்த மைசிஸ், ஆர்ட்டிமியா கட்டிகளை உருக்கி, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் போடச் சொல்வார்கள். செய்யலாம், கெடுதல் இல்லை. ஆனால் அதைப் பெரிய வைத்தியமாக நினைக்க வேண்டாம். பாஸ்பரஸின் பெரும்பகுதி இறாலின் சதைக்குள் இருக்கிறது, கழுவினால் போகாது. இரண்டு கட்டி போடுகிற இடத்தில் ஒன்றரை போடுவதே பலன் தரும். மீன்களைப் பட்டினி போட்டுப் பாசியைக் குறைப்பதும் சரியல்ல. மெலிந்த மீன் நோய்க்கு முதல் ஆள்.

6. தண்ணீர் இரண்டாவது வாசல். குழாய்நீரையோ போர்வெல் நீரையோ உப்புக் கலக்கப் பயன்படுத்தாதீர்கள். ஆர்.ஓ. மட்டும் போதாது, அதன் பின்னால் டி.ஐ. ரெசின் குழாயும் வேண்டும். வெளிவரும் நீரில் டிடிஎஸ் 0 காட்ட வேண்டும். சமையலறையில் மாட்டியிருக்கும் குடிநீர் ஆர்.ஓ.வை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். அந்தக் கருவிகள் பலவற்றில் ருசிக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். அது வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும். சிலவற்றில் மினரல் கார்ட்ரிட்ஜும் உண்டு. கேன் தண்ணீரும் குடிப்பதற்குத் தயாரித்தது, டிடிஎஸ் பூச்சியமாக இருக்காது. அவசரத்துக்கு ஒருமுறை ஊற்றலாம், வழக்கமாக்க வேண்டாம். டிடிஎஸ் மீட்டர் 1, 2 என்று ஏறத் தொடங்கியதும் ரெசினை மாற்றிவிடுங்கள். சிலிக்கா அதற்கு முன்பே நழுவி வரத் தொடங்கியிருக்கும்.

7. ஆர்.ஓ. கழிவுநீரைச் சாக்கடையில் விடாதீர்கள். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் தாராளமாக ஆகும்.

8. நம் ஊர்க் கோடையில் திறந்த தொட்டியில் நீர் வேகமாக ஆவியாகும். ஆவியாகிப் போவது தூய நீர் மட்டுமே, அழுக்கும் உப்பும் தொட்டியிலேயே தங்கும். குறைந்த அளவை ஈடுகட்ட தினமும் ஊற்றும் நீரில் சிறிதளவு பாஸ்பேட் இருந்தாலும் அது சேர்ந்துகொண்டே போகும். உப்புக் கலக்க நல்ல நீர் எடுத்துவிட்டு, ஈடுகட்ட மட்டும் குழாய்நீர் ஊற்றுகிறவர்களுக்குப் பாசி ஏன் வருகிறது என்று புரியாமலே போகும்.

9. கடற்கரையில் இருப்பவர்கள் குடத்தில் கடல்நீர் கொண்டுவந்து ஊற்றுவதுண்டு. கூவம், அடையாறு போன்ற முகத்துவாரங்களுக்குப் பக்கத்தில் எடுத்தால் ஊர்க் கழிவையும் சேர்த்துக் கொண்டுவருகிறீர்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் எங்கே எடுத்தாலும் சந்தேகம்தான். எடுத்தே ஆக வேண்டுமென்றால் தொட்டியில் ஊற்றும் முன் உப்படர்த்தியையும் பாஸ்பேட்டையும் அளந்துவிடுங்கள்.

10. தண்ணீர் மாற்றினால் எல்லாம் சரியாகும் என்பது பாதி உண்மை. 200 லிட்டரில் 0.4 பிபிஎம் என்றால் மொத்தம் 80 மில்லிகிராம் பாஸ்பேட். 20 சதவீத நீரை மாற்றினால் போவது 16 மில்லிகிராம். ஒரு கிராம் உலர் தீனியில் வருவது 30. கணக்கு உதைக்கிறதா? நீர் மாற்றுவதை விடாதீர்கள், அதில் வேறு நன்மைகள் உண்டு. உயர்ந்துவிட்ட பாஸ்பேட்டை இறக்க அது மட்டும் போதாது.

11. நீர் மாற்றும் நாளில் முதலில் பெரிய சிரிஞ்சாலோ கைப்பம்பாலோ பாறை இடுக்குகளில் நீரைப் பீய்ச்சுங்கள். கிளம்புகிற பழுப்புத் தூள்தான் நாளைய பாஸ்பேட். அது மிதந்துகொண்டிருக்கும்போதே உறிஞ்சி வெளியே எடுத்துவிட வேண்டும். வடிகட்டும் கீழ்த்தொட்டியான சம்ப்பின் மூலைகளையும் மறக்க வேண்டாம். பல நாள் கலைக்காத ஆழமான மணற்படுகையை மட்டும் ஒரே நாளில் கிண்டிவிடாதீர்கள், அடியில் தேங்கியதெல்லாம் ஒன்றாகக் கிளம்பி மீன்களைச் சாய்த்துவிடும். வாரத்துக்கு ஒரு மூலை போதும்.

12. வடிகட்டிப் பையை மூன்று நாளுக்கு ஒருமுறை துவையுங்கள். அழுக்கு பைக்குள் இருக்கும்வரை தொட்டிக்குள் இருப்பதாகவே அர்த்தம். நீர் அதன் வழியாகத்தானே ஓடுகிறது. சோப்புத்தூள் வேண்டாம்.

13. ஸ்கிம்மர் கரைந்த பாஸ்பேட்டை நேரடியாக எடுக்காது. பாஸ்பேட்டாக மாறும் முன் கழிவை நுரையாக வெளியேற்றும். ஆகவே அதன் கழுத்தில் படியும் பிசுக்கைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தால்தான் அது வேலை செய்யும்.

14. பாசி நீளமாக வளர்ந்திருக்கும்போது கையால் பிடுங்குவதைவிட மலிவான வழி கிடையாது. பாறையை வெளியே எடுக்க முடிந்தால் ஒரு வாளி தொட்டிநீரில் வைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். தொட்டிக்குள்ளேயே பிடுங்குவதானால் பக்கத்தில் உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிய்ந்த துணுக்குகள் வேறிடத்தில் போய் ஒட்டி முளைக்கும். பிடுங்கிய ஒவ்வொரு கைப்பிடியும் பாஸ்பேட்டோடு வெளியேறுகிறது. இப்படி எடுத்தபின் மற்ற வழிகளைத் தொடங்கினால் பலன் வேகமாகத் தெரியும்.

15. ஜி.எஃப்.ஓ. என்கிற துருநிறக் குருணை பாஸ்பேட்டைத் தன் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்ளும். விற்கப்படும் பொருள்களில் நான் முதலில் சொல்வது இதைத்தான், ஆனால் மெதுவாகச் செய்வதாக இருந்தால் மட்டும். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் பாதியோடு தொடங்குங்கள். டி.ஐ. நீரில் பழுப்பு நிறம் போகும்வரை அலசி, ரியாக்டரில் போட்டு, குருணைகள் மேலே மட்டும் லேசாகப் புரளும்படி நீரோட்டத்தை வையுங்கள். வேகமாகச் சுழன்றால் உராய்ந்து தூளாகித் தொட்டியில் கலக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். 0.5லிருந்து 0.1க்கு இறங்கப் பல வாரம் ஆகட்டும். ஒரே வாரத்தில் இறக்கினால் கிளைப் பவளங்கள் அடியிலிருந்து தோல் உரிந்து வெள்ளையாகும். பாசியை ஒழிக்கப்போய் பவளத்தை இழந்தவர்களில் பலர் இந்த அவசரத்தால் இழந்தவர்களே. ரியாக்டரிலிருந்து வெளிவரும் நீரிலும் உள்ளே போகும் நீரிலும் ஒரே எண் வந்தால் குருணை தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். வெள்ளை மணிகளாக வரும் அலுமினியம் ஆக்சைடு வகையும் பாஸ்பேட்டைப் பிடிக்கும். லெதர் வகை மென்பவளங்கள் வைத்திருப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது, அவை சுருங்கிக்கொள்வதுண்டு.

16. குருணை போட்டு எண் இறங்கிவிட்டது, எடுத்ததும் பழையபடி ஏறிவிட்டது என்று புலம்புவோர் உண்டு. காரணம் பாறை. சுண்ணாம்புப் பாறையும் மணலும் பாஸ்பேட்டைத் தம்மேல் ஏற்றி வைத்திருக்கும். தண்ணீரில் குறையக் குறையத் தம்மிடம் இருப்பதை விட்டுக்கொண்டே இருக்கும். பல மாதங்கள் பாஸ்பேட்டில் ஊறிய பாறை காலியாகவும் மாதங்கள் ஆகலாம். பழைய தொட்டியிலிருந்து மலிவாகக் கிடைத்த பாறையை வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். ஒரு வாளி புதிய உப்புநீரில் ஒரு வாரம் ஊறவைத்து அந்த நீரை அளந்தால் பாறையின் யோக்கியதை தெரிந்துவிடும்.

17. லாந்தனம் குளோரைடு திரவம் எல்லாவற்றையும்விட வேகமானது, மலிவானதும்கூட. பாஸ்பேட்டோடு சேர்ந்து நுண்ணிய வெண்தூளாக மாறும். அந்தத் தூளைப் பிடிக்க 5 அல்லது 10 மைக்ரான் பை அவசியம். பைக்குள் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். தொட்டியில் நேராக ஊற்றினால் தூள் மீனின் செவுளில் போய்ப் படியும். டேங் மீன்களும் மட்டிகளும் இதில் சீக்கிரம் பாதிக்கப்படும். பெரிய தொட்டி, அனுபவமுள்ள கை இரண்டும் இருந்தால் மட்டும்.

18. சம்ப்பில் ஒரு அறை ஒதுக்கி, கீட்டோ என்று கடையில் சொல்லும் நூல்கண்டு போன்ற பாசியை வளர்ப்பது எனக்குப் பிடித்த வழி. வேண்டாத பாசி தின்கிற அதே பாஸ்பேட்டை வேண்டிய இடத்தில் ஒரு பாசி தின்னட்டும். அதன் விளக்கை இரவில் எரியவிடுங்கள். பெரிய தொட்டி இருளில் இருக்கும்போது இறங்குகிற பி.எச். அதனால் தாங்கிப் பிடிக்கப்படும். பந்து பெரிதானதும் பாதியை வெட்டி வெளியே எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் உள்பக்கம் வெளிச்சம் கிடைக்காமல் அழுகி, தின்றதைத் திரும்பக் கக்கும். வெட்டியதை நல்ல நீரில் நன்றாக அலசிச் செடிகளுக்கு உரமாகப் போடலாம்.

19. அந்த இடத்தில் கலெர்ப்பா வகையைப் போடாதீர்கள். அழகாகத்தான் இருக்கும். ஒரு நாள் திடீரென்று வெளுத்து, வித்துகளைத் தண்ணீரில் கொட்டிச் செத்துப்போகும். சேர்த்ததெல்லாம் ஒரே இரவில் தொட்டிக்குத் திரும்பும். வெட்டி எறிந்ததில் ஒரு துண்டு கடலுக்குப் போனாலும் வம்பு. 1984இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் கீழே காணப்பட்ட கலெர்ப்பா டாக்சிஃபோலியா மத்தியதரைக் கடலின் கரையோரங்களில் பரவியது. 2000இல் கலிபோர்னியாவின் காயல்களில் தென்பட்டபோது, ஒழித்து முடிக்க 2006 வரை ஆனது. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளங்கள்மேல் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி ஏறிய கதையும் நமக்குத் தெரியும். உரமாக்காத எந்தத் தொட்டிப் பாசியையும் சாக்கடையிலோ கடலிலோ விடாமல் வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

20. வினிகர் அல்லது வோட்கா ஊற்றும் முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாக்டீரியாவுக்குக் கரிமத் தீனி கொடுத்துப் பெருக்கி, அது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்றபின் ஸ்கிம்மர் வழியாக வெளியேற்றுவது இதன் சூட்சுமம். நல்ல ஸ்கிம்மர் இல்லாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். 100 லிட்டருக்கு ஒரு நாளைக்கு 1 மில்லி சாதா வெள்ளை வினிகரோடு தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுங்கள். தண்ணீர் பால்போல் கலங்கினால் உடனே நிறுத்திக் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். பாக்டீரியா பெருகும்போது ஆக்சிஜன் இறங்கும், மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். இன்னொன்று: இந்த வழியில் பாஸ்பேட் ஒரு பங்கு குறைய நைட்ரேட் எடைக்கணக்கில் சுமார் பத்துப் பங்கு வேண்டும். நைட்ரேட் ஏற்கெனவே பூச்சியம், பாஸ்பேட் மட்டும் அதிகம் என்றால் எவ்வளவு வினிகர் ஊற்றினாலும் பாஸ்பேட் அசையாது.

21. எந்தப் பாசி என்று பார்த்து வைத்தியம் செய்யுங்கள். புதுத்தொட்டியின் முதல் வாரங்களில் மணல்மேல் படியும் பழுப்புத்தூள் டயாட்டம். அதை விட்டுவிடுங்கள், தானே போகும். செந்நிற வழுவழுப் போர்வையாக உரிந்து வருவது சயனோபாக்டீரியா. அது பாசியே இல்லை. நீரோட்டம் குறைந்த, அழுக்குத் தேங்கிய இடத்தில் பிடிக்கும், உறிஞ்சி எடுத்து நீரோட்டத்தைத் திருப்பிவிடுங்கள். பச்சைக் கண்ணாடி மணிபோல இருப்பது குமிழ்ப்பாசி, உடைக்காமல் அடியோடு நெம்பி எடுக்க வேண்டும். இறகுபோல் இருபக்கமும் கிளைத்திருந்தால் பிரையாப்சிஸ். பாஸ்பேட் குறைந்தாலும் அது சளைக்காது. பிடுங்குவதோடு சிகிச்சைக்கு அனுபவசாலியின் துணையும் வேண்டும். கல்லில் ஊதா, இளஞ்சிவப்பு மெழுகுபோல் படர்வது கோரலைன் பாசி, அதை வளரவிடுங்கள்.

22. பழுப்பு நிறச் சளிபோல நூல்நூலாகத் தொங்கி, நுனியில் காற்றுக்குமிழிகளோடு இருந்தால் அது டைனோஃபிளாஜெல்லேட். இங்கே மேலே சொன்னதெல்லாம் தலைகீழ். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூச்சியத்துக்குப் போன தொட்டியில்தான் இது பெரும்பாலும் தலைதூக்கும். குருணையை எடுத்துவிட்டுத் தீனியைக் கூட்ட வேண்டும். எண்ணைப் பூச்சியமாக்கிவிட்டேன் என்று பெருமைப்படுகிறவர்கள் வீட்டில்தான் இந்த விருந்தாளி. இதில் சில வகைகள் நத்தைகளுக்கு நஞ்சு. ஆஸ்ட்ரியாப்சிஸ் வகை 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் பெருகியபோது காற்றில் வந்த திவலையாலேயே மக்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

23. மேய்கிற உயிர்களில் ட்ரோக்கஸ் நத்தைதான் என் முதல் ஓட்டு. கவிழ்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும், ஆஸ்ட்ரியா நத்தைக்கு அந்த வித்தை தெரியாது. கடல்முயல் முடிப்பாசியை வழித்துத் தின்னும், தீர்ந்ததும் பட்டினியால் சாகும். ஆகவே வேலை முடிந்ததும் நண்பர் தொட்டிக்கு அனுப்புங்கள். ஓரா மீன் இனத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ்ஃபேஸ் முரட்டுப் பாசியையும் கடிக்கும். அதன் முதுகு முள்ளில் விஷம் உண்டு, வலையில் பிடிக்கும்போது கை பத்திரம். இவை தின்ற பாசி எச்சமாகத் தொட்டிக்குள்ளேயே விழுகிறது என்பதால் பாஸ்பேட் கணக்கில் இவற்றால் பெரிய குறைவு வராது.

24. பிடிவாதமான திட்டுகளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. நம் மருந்துக்கடைகளில் பொதுவாகக் கிடைப்பது 6 சதவீதம்; லேபிளைப் பார்த்து, சம அளவு டி.ஐ. நீர் கலந்து 3 சதவீதமாக்குங்கள். பாறையை வெளியே எடுத்துப் பாசிமேல் மட்டும் சொட்டுவிட்டு, சில நிமிடம் கழித்துத் தொட்டிநீரில் அலசித் திரும்ப வையுங்கள். பவளத்தின்மேல் படக் கூடாது. இறால்களுக்கும் ஆகாது.

25. பாசியைக் கொல்லப் பாறையை ஒருபோதும் வெந்நீரில் கொதிக்கவைக்காதீர்கள். சோவாந்தஸ் வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கொதிக்கும் ஆவியோடு அது வீடு முழுக்கப் பரவும். இப்படி நஞ்சேறி வீட்டிலிருந்த அனைவரும், வளர்ப்புப் பிராணிகள் உட்பட, பாதிக்கப்பட்ட சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. அந்தப் பவளம் உள்ள பாறையைத் தேய்க்கும்போதும் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். கண்ணில் தெறித்தால் நிறைய நீரில் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

26. விளக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும். டைமர் போட்டுவிடுங்கள். மேற்கு ஜன்னல் வெயில் தொட்டியில் விழுந்தால் திரை.

27. ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் போனால் ஒரு பவளப்பாறையை எடுத்துவரலாமே என்று தோன்றும். வேண்டாம். திட்டு கட்டும் பவளங்கள் 2001 முதல் வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, செத்த பவளத்தை எடுத்தாலும் வழக்கு வரும். சுட்ட மண்ணில் செய்த செயற்கைப் பாறை வாங்குங்கள். பாஸ்பேட் ஏறாத புதுப்பாறையில் தொடங்குவது பாசிக் கணக்குக்கும் நல்லது.

28. ஊருக்குப் போகும்போது தீனி டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பாசத்தில் அள்ளிப் போடுவார்கள். ஒரு நாளுக்கு ஒரு பொட்டலமாக மடித்து, மேலே தேதி எழுதிக் கொடுங்கள். ஆரோக்கியமான வளர்ந்த மீன்கள் இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமலே தாங்கும். ஆந்தியாஸ் போன்று அடிக்கடி தின்னும் மீன்களுக்கு மட்டும் தானியங்கித் தீனிப்பெட்டி. அந்தப் பெட்டியையும் ஊருக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே மாட்டி, ஒரு சுற்றுக்கு எவ்வளவு விழுகிறது என்று தாளில் பிடித்து நிறுத்துப் பாருங்கள்.